மைனஸ் ஒரு டிகிரி

நாற்பத்தாறு நிமிடம் என்றால் நாற்பத்தாறு நிமிடம்தான், கெஞ்சினாலும் ஒன்றும் குறையாது, முழுக் கெர்னலும் மறுபடி கம்பைல் ஆகி, கீழ்த்தளத்து லேபில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிற பால் தொட்டியின் கன்ட்ரோலரில் ஏறி, இருநூற்றுச் சொச்சம் டெஸ்ட்டும் ஓடி முடிய அவ்வளவு ஆகும், இப்போது பத்து ஐம்பது, பதினொன்று முப்பத்தாறுக்கு முடிந்துவிடும், பன்னிரண்டுக்குள் நாச்சிமுத்து சாருக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிடும், என்று என்டரைத் தட்டிவிட்டு மங்கையர்க்கரசி நாற்காலியில் சாய்ந்தாள். அப்பாடா. மூன்று வாரம். மூன்று வாரமாக என்ன செய்தாய் என்று வீட்டில் கேட்டதற்கு ஒரு மேக்ரோ எழுதினேன் என்றாள், எத்தனை வரி என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர், பதினொன்று என்றாள், மனுஷன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சட்னி சட்டையில் சிந்திவிட்டது. சிரிக்கட்டுமே. பதினொரு வரிதான், ஆனால் எண்பத்து மூன்று இடத்தில் மனிதக் கை எழுதிக்கொண்டிருந்ததை இனிமேல் அந்தப் பதினொரு வரி எழுதிக்கொள்ளும். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. தொட்டிக்குள் இருக்கிற குட்டி கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அதன் மூளையான கெர்னலைத்தான் கேட்க வேண்டும், மோட்டாரை நிறுத்தணுமா, பால் எவ்வளவு சூடு, கதவு திறந்திருக்கிறதா, கேட்பதற்கென்று ஹெல்பர் ஃபங்ஷன்கள், எண்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் விவரம் ஐந்து டப்பாவில் வரும், ஐந்தும் ஒரே அளவு, உள்ளே உப்பா சர்க்கரையா என்று திறக்கிறவர்தான் தெரிந்து வைத்திருக்கணும். இது சின்ன எண், இது பெரிய எண், இது மைனஸில் போகக்கூடிய எண் என்று ஒவ்வொரு ஹெல்பரின் தலையிலும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கையால் எழுதியிருந்தார்கள், எழுதி எழுதிச் சலித்துப்போன கை, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதிய கை. இனி பெயரையும் வகையையும் ஒரே வரியில் சொன்னால் போதும், டப்பாவைத் திறந்து இனம் பிரிக்கிற வேலையை மேக்ரோ பார்த்துக்கொள்ளும், அதற்குத் தூக்கம் வராது. இந்த மேக்ரோ என்கிற சமாச்சாரத்தை முதன்முதலில் யோசித்த மகராசன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும் என்று அவள் நிஜமாகவே நினைத்தாள், கோயிலில் நினைப்பதுபோல. காலையில் சார் வேறு சொல்லியிருக்கிறார், "இது மட்டும் உள்ள போயிருச்சுன்னா மங்கை, பன்னெண்டு மணி மீட்டிங்ல உங்க பேரைத்தான் சொல்லப் போறனுங்க. கெர்னலுக்கு இனி நீங்கதான் பொறுப்பு." பொறுப்பு. அவள். ஜன்னலுக்கு வெளியே ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது, அந்தக் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

இன்னும் குறிப்பு எழுதணும். அது சாருடைய சட்டம், கெர்னலில் ஒரு கமாவை மாற்றினாலும் குறிப்பு வேண்டும், அதில் மூன்று வரி கட்டாயம்: எந்தப் பழைய தப்புக்காக இந்த மாற்றம், அந்தத் தப்பு யாருடைய எந்த மாற்றத்தோடு வந்தது, இதை யார் டெஸ்ட் செய்தது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சிஸ்டம் உள்ளே விடாது, வாசலிலேயே நிறுத்திவிடும். பழைய தப்புக்குப் பஞ்சமா என்ன. ஊசிமலைப்பாளையம் என்று சொன்னால் போதும், இந்தக் கட்டடத்தில் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், அந்த ஊர்ப் பால் சொசைட்டியின் தொட்டியில், பனிக்கட்டிக் குழாய்ப் பக்கத்து சென்சார் மைனஸ் ஒரு டிகிரி என்று சொல்ல, சூட்டைக் கேட்கிற ஹெல்பரில் யாரோ டப்பாவைத் தப்பாகத் திறக்க, மைனஸ் காணாமல் போய் அது நானூற்று இருபத்தொன்பது கோடி டிகிரி ஆகிவிட்டது. நானூற்று இருபத்தொன்பது கோடி! சூரியனே தோற்றது. ஐயையோ பால் கொதிக்கிறது என்று கன்ட்ரோலர் பதறிப்போய் விடிய விடியக் குளிரூட்டியது, காலையில் பார்த்தால் ரெண்டாயிரம் லிட்டரும் ஒரே கட்டி, கலக்குகிற துடுப்பு முறிந்து நடுவில் நட்டுக்கொண்டு நிற்கிறது. சொசைட்டி செயலாளர் அனுப்பிய போட்டோவில் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் பாலை இடித்துக்கொண்டிருந்தார். மீட்டிங்கில் சார் புரொஜெக்டரைப் போட்டு, எல்லார் முன்னாலும், அந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பிளேம் போட்டுப் பார்த்தார். வரிக்கு இடப்பக்கத்தில் பெயர் வந்தது. சவரிமுத்து. "குல்ஃபிக் கடை வெக்கறதுக்கா நாம கம்பெனி நடத்தறோம்?" என்றார் சார். அவ்வளவுதான், அன்றையிலிருந்து சவரிமுத்து குல்ஃபி ஆனான், கெர்னல் டீமிலிருந்து கீழ்த்தளத்து லேபுக்குப் போனான், கையில் ஹோஸ் பைப்போடு. மங்கை அந்த மாற்றத்தின் எண்ணை எடுப்பதற்காக, தப்பு திருத்தப்பட்டதற்கு முந்தைய நாளுக்குப் போய், அந்தக் கோப்பில் பிளேம் போட்டாள். தொள்ளாயிரம் வரியிலும் சவரிமுத்து, சவரிமுத்து, சவரிமுத்து. என்னடா இது, கோப்பு முழுக்க இவனா எழுதினான், என்று எரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் புரிந்தது, வரிகளுக்கு முன்னால் டேப்பும் ஸ்பேஸும் கன்னாபின்னாவென்று கிடந்ததை அவன் ஒரு நாள் உட்கார்ந்து வரிசைப்படுத்தியிருக்கிறான், வெற்றிடத்தைத் தள்ளிவைத்ததற்கே அத்தனை வரியிலும் அவன் பெயர் ஏறிக்கொண்டது. வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று கட்டளையில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும், பின்னால் இருக்கிற உண்மையான ஆள் தெரிவார். சேர்த்தாள். ஏன் சேர்த்தாள், சும்மாதான், நேரம் இருந்தது. பெயர்கள் மாறின. அந்த வரிக்கு நேராக, மங்கையர்க்கரசி.

இல்லை. வேறு மங்கையர்க்கரசி யாரும் இந்தக் கம்பெனியில் இருந்ததில்லை. தேதியைப் பார்த்தாள், மார்ச் பதினான்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால், மகள் நிலாவுக்கு இரண்டரை வயது, அப்போதுதான் பிள்ளைப்பேற்றுக்காக விட்ட வேலைக்கு மறுபடி வந்து சேர்ந்திருந்தாள், "ஆறு மாசம் பார்ப்பம்ங்க, கேப் விழுந்துருச்சில்ல" என்று சார் சொன்ன அந்த ஆறு மாசம், நாளைக்கு ஒரு தரம் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாசம். அந்த வரியை அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு கெட்ட ஞாபகம்கூட இல்லை, மைனஸ் வரக்கூடிய எண்ணை மைனஸ் வராத எண் என்று எழுதிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போயிருப்பாள். ஆறு வருஷம் அவளே அவனைக் குல்ஃபி என்று கூப்பிட்டாள். கூப்பிட்டாளா, ஐயோ, கூப்பிட்டது மட்டுமா, அவன் பிறந்தநாளுக்கு ஃப்ளோர் முழுக்கக் குல்ஃபி வாங்கிக் கொடுக்கலாம் என்று ஐடியா சொன்னதே இவள்தான், பிஸ்தா குல்ஃபி, அவன் கேக்குக்குப் பதிலாக அதில் மெழுகுவர்த்தி குத்தினார்கள், அவனும் ஊதினான், ஊதிவிட்டு முதல் துண்டை இவளுக்குத்தான் கொடுத்தான். இப்போது வாயில் அந்த பிஸ்தா ருசி வந்தது, விழுங்க முடியவில்லை. கம்பைல் முப்பத்தெட்டு சதவீதம். அவனுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்கலாம். மீட்டிங்கில் யாருக்கும் அந்த ஒரு எழுத்தைச் சேர்க்கத் தோன்றவில்லையே, அவனுக்கும் தோன்றியிருக்காது. ஆனால் டேப் வரிசைப்படுத்தினவனுக்குத் தான் அந்த வரியை எழுதவில்லை என்று தெரியாதா, தன் கை எழுதியது எது எழுதாதது எது என்று ஒருத்தனுக்குத் தெரியாதா, அவளுக்குத்தான் தெரியவில்லையே, ஆனால் அவன் அவளைப்போல இல்லையே, அவன் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பக்கத்தில் நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவன். டெஸ்ட். ஒவ்வொரு முறை டெஸ்ட் ஓடும்போதும் முதல் வரி என்ன வரும்? டெஸ்ட் ஒன்று, மைனஸ் ஒன்று, பாஸ். ஆறு வருஷமாகத் தினம் பார்க்கிற வரி, சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பிள்ளையார் சுழி மாதிரி கண் தாண்டிப் போய்விடும், அது எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவன் லேபுக்குப் போன வாரத்தில் சேர்ந்த டெஸ்ட் அது. சரி, இப்போது என்ன. குறிப்பில் சவரிமுத்துவின் மாற்ற எண்ணைப் போட்டுவிடலாம், பிளேம் காட்டுவது அதைத்தானே, பொய் இல்லையே, யாரும் அந்த ஒரு எழுத்தைச் சேர்த்துப் பார்க்கப் போவதில்லை, ஆறு வருஷம் யாரும் பார்க்கவில்லையே. பன்னிரண்டு மணி மீட்டிங். கெர்னலுக்குப் பொறுப்பு. பாலைக் கட்டியாக்கின கைக்கா பொறுப்பு என்று சார் கேட்டால்? கேட்பார், அந்த மனுஷர் கேட்டே தீருவார். இன்னொரு நாள் சொல்லலாம், பதவி வந்த பிறகு, பெருந்தன்மையாக, ஒரு டீ பார்ட்டியில். சே. தன்னையே இரண்டு அறை விடலாம்போல இருந்தது. ஒரு வார்த்தை, அன்றைக்கு மீட்டிங்கில் "சார், நான் டேப்தான் மாத்துனேன்" என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வாரமே இவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், பாத்ரூமில் அழ வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது, அப்புறம் எந்தக் கம்பெனி எடுத்திருக்கும், நிலாவின் ஸ்கூல், இந்த நாற்காலி, இந்த ஜன்னல், பதினொரு வரி மேக்ரோ, எல்லாம் அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாததால் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அழுகையா அது, இல்லை, யாரோ நடு ரோட்டில் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டதை ஆறு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டால் வருமே, அது. மங்கை இன்டர்காமை எடுத்து லேப் எண்ணை அழுத்தினாள்.

"சவரி," என்றாள். அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. "என்ன, பேரெல்லாம் சொல்ற? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றான் சவரிமுத்து. திண்டுக்கல் பேச்சு, எப்போதும் பாதிச் சிரிப்பிலேயே ஆரம்பிக்கும். அவள் சொல்ல வந்தது வேறு, "முதல் டெஸ்ட், மைனஸ் ஒன்று, அது நீதானே எழுதுன?" என்றுதான் வந்தது. "ஆமா. லேபுக்கு வந்த மொத நாள், செய்ய ஒரு வேலையும் இல்ல. எழுதுனேன். ஏன், ஃபெயில் ஆகுதா? உன் மேக்ரோ அதையே விட்டுருச்சா?" என்று அவன் பதறினான், நிஜமாகவே பதறினான், அவளுக்காகத்தான் பதறினான் என்பது இப்போது கேட்டது, ஆறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பதறியிருக்கிறான், இவள்தான் குல்ஃபிக்கு எப்பவும் அவசரம் என்று சிரித்திருக்கிறாள். "ஊசிமலைப்பாளையம் நான் எழுதின வரி சவரி. உனக்குத் தெரியுமில்ல?" அந்தப் பக்கம் ஹோஸ் பைப்பைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது. "அதை இப்ப எதுக்குக் கிண்டுற" என்றான். "தெரியுமா தெரியாதா?" "தெரியும். மீட்டிங் முடிஞ்சு சீட்டுக்கு வந்து பாத்தேன்." "ஏன் சொல்லல?" "உன்ன அப்ப டிரயல்ல வச்சிருந்தாங்க. பாத்ரூம்ல இருந்து மூக்கு செவந்து வருவ. சொன்னா என்னாகும்னு எனக்குத் தெரியாதா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான், சிரிப்பில்லாத குரல், அவனிடம் அவள் கேட்டே இராத குரல். "அதுவும் இல்லாம, நீ எழுதுன அன்னிக்கு அதைப் பாத்துட்டேன், சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான். பாக்காமலே போட்டேன் மங்கை. டீ ஆறிடும்னு போட்டேன். அப்ப அது யாரு தப்பு சொல்லு. பேசாம போய் வேலையப் பாரு." இவள் அவன் மேல் கோபப்பட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது, நன்றி என்பது இப்படிக் கோபமாகத்தான் வரும் போலிருக்கிறது, "குறிப்புல என் பேரைப் போடறேன், தப்பு என்னோடதுன்னு, நீ வெறும் டேப்தான் மாத்துனன்னும் போடறேன்" என்றாள். "போட்டா டெஸ்ட் பண்ணேன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பன்னெண்டு மணிக்கு என்ன பண்ணுவ?" "போடாட்டி போ. இன்னிக்கு இது உள்ள போகாது, அவ்வளவுதானே. மேக்ரோ எங்கயும் ஓடிப்போகாது." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. அவள் குரலில் என்ன கேட்டானோ, "உனக்கென்ன கிறுக்கா, இன்னிக்குத்தானே உன்னைய..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். லேபில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவளுக்குப் பதவி வரப்போவது, அவனுக்கு இருக்கிற சந்தோஷம் அந்த நிறுத்தத்திலேயே தெரிந்தது.

கம்பைல் முடிந்தது. திரையில் டெஸ்ட் ஓடத் தொடங்கியது, டெஸ்ட் ஒன்று, மைனஸ் ஒன்று, பாஸ். மங்கை அந்த வரியை முதல்முறையாகப் படிப்பதுபோலப் படித்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குறிப்பைத் தட்டினாள், தட்டத் தட்ட அவனுக்கு வாசித்தாள், எண்பத்து மூன்று ஹெல்பரின் அறிவிப்புகளும் இனி ஒரே மேக்ரோ வழியாக, கையால் வகை மாற்றும்போது நேர்கிற தப்பு இனி நேராது, காரணமான பழைய மாற்றம், மார்ச் பதினான்கு, எழுதியவர் மங்கையர்க்கரசி, பிளேமில் தெரிகிற சவரிமுத்து வெற்றிடத்தை மட்டுமே மாற்றினார், அன்று முதல் இந்தத் தப்பு திரும்ப வராமல் காத்து நிற்கிற டெஸ்ட்டை எழுதியவரும் அவரே, அவருக்கு என் நன்றி. "எடு அந்த நன்றிய" என்றான். "முடியாது." "சரி, அப்பன்னா அதுக்குக் கீழயே ஒரு வரி போடு. அந்த மாற்றத்தைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டவர் சவரிமுத்து. அதப் போட்டாத்தான் நான் டெஸ்ட்டுக்குப் போடுவேன்." மங்கைக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து வந்தது, மூக்கைத் துடைக்கக் கை இல்லை. போட்டாள். நூற்றெண்பது பாஸ், நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பன்னிரண்டு, முடிந்தது, ஒன்றுகூட விழவில்லை. அடுத்த நொடியே குறிப்பின் கடைசியில், டெஸ்ட் செய்தவர் சவரிமுத்து, என்று ஏறியது, அவன் கை விசையின் மேலேயே தயாராக இருந்திருக்கணும். பதினொன்று முப்பத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். கண்ணாடி அறைக்குள் நாச்சிமுத்து சார் திரைப்பக்கம் குனிவது தெரிந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார், நாலைந்து வரிதானே சார், எத்தனை தடவை, போச்சு, பதவி போச்சு, போகட்டும், சத்தியமாகப் போகட்டும், நிலாவிடம் இன்றைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சார் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு நேராக அவளை நோக்கி வந்தார். அவள் ரிசீவரோடு எழுந்து நின்றாள். "பன்னெண்டு மணிக்கு வந்துருங்க மங்கை," என்றார், முகத்தைப் பார்க்காமல், "உங்க பேரைத்தான் சொல்றேன், அதுல மாத்தமில்லீங்க. மொதல்ல நான் கீழ போயிட்டு வந்தர்றேன்." லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது, அவர் படியில் இறங்கினார். இந்த ஆறு வருஷத்தில் சார் லேபுக்குப் போய் அவள் பார்த்ததில்லை, அந்தக் குல்ஃபிய மேல வரச் சொல்லுங்க என்றுதான் சொல்வார். சார் வர்றார் என்று சவரியிடம் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. ரிசீவரில் கதவு கிறீச்சிட்டது, ஈரத் தரையில் செருப்புச் சத்தம், அப்புறம் மூச்சு வாங்குகிற அந்தக் குரல், "சவரிமுத்து," என்றது, அவ்வளவுதான். மோட்டார் உறுமியது. பெயரைக் கேட்டவன், எப்போதும்போலப் பதறிக்கொண்டு, "சார், பாத்து வாங்க சார், தரையெல்லாம் தண்ணி" என்றான். "இருக்கட்டும் தம்பி," என்றார் நாச்சிமுத்து சார், "இருக்கட்டும்."